சோளகத்தில் எடுத்த படம்

பலெர்மோவில் நான் பார்த்த முதல் கடற்கரை எங்கள் ஊர்க் கடற்கரை. மாநாட்டுக்காரர் எங்களை இறக்கிவிட்ட ஹோட்டல் வாசலில், சுவரை மறைத்துக்கொண்டு, ஆளை விட உயரமாக அந்தப் படம் நின்றது. நீலக் கடல், வெள்ளை மணல், ஓரத்தில் இரண்டு பனை. ஒரு மனுசர் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. கீழே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ‘மனிதக் கை படாத கரை’ என்று போட்டிருந்தார்கள்.

விமானம் மாறி மாறி வந்து, கால் வீங்கி, பெட்டி வந்து சேராமல், உடுத்த உடுப்போடு நின்ற எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. கை படாத கரையாம்! அந்த மணலில் குந்தியிருந்து எத்தனை தரம் சுட்ட சாளை மீன் தின்றிருக்கிறேன். அந்தப் பனைகளில் ஒன்றில்தான் எங்கள் ஊர் மீனவன் செல்வம் தன் வலைக்கயிற்றைக் கட்டிவைப்பான். மற்றதில் அவனுடைய நாயைக் கட்டுவான்.

நான் மன்னாரில் கடற்றொழில் பரிசோதகர். வலைக்கண் அளப்பது, படகு பதிவது, கடற்கரைச் சண்டைகளுக்கு நடுவில் போய் நின்று இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்குவது என் உத்தியோகம். படத்தில் இருந்தது மன்னார்த் தீவின் தென்பக்கத்துப் பூவரசங்கரை. அங்கே கரைவலைத் தொழில். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் ஊரே கரையில் நின்று இழுக்கும். ஒவ்வொரு வலைக்கும் கரையில் இன்ன துண்டு என்று உண்டு. அதைப் பாடு என்பார்கள். யாருடைய வலை எந்தப் பாட்டில் எந்த முறையில் இறங்கும் என்பதைப் பெற்றார் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காணிச் சண்டையை விடப் பாட்டுச் சண்டை பொல்லாதது.

வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுக் காலம் முழுவதும் சனம் அந்தக் கரையிலேயே வாடி என்ற ஓலைக் குடில் போட்டுக் குடும்பத்தோடு இருக்கும். மே மாதம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் தென்கடல் பொங்கும், மணல் பறந்து சோற்றுக்குள் விழும். ஆகவே எல்லோரும் வாடிகளைக் கம்போடு பிடுங்கிக்கொண்டு தீவின் வடபக்கத்துக்குப் போய்விடுவார்கள். கம்பு நட்ட குழியையும் காற்று மூடிவிடும். காற்றுத் திரும்பினால் சனமும் திரும்பும். மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

படத்தில் பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து தலைவிரிகோலமாய் நின்றன. சோளகம். சனம் இல்லாத மாதம் பார்த்துப் போய்ப் படம் எடுத்து, சனமே இல்லாத கரை என்று உலகத்துக்குக் காட்டுகிறார்கள்.

சிறிய தீவு நாடுகள் தங்கள் உயிர்ப்பல்வகைமையை எப்படிக் காக்கப் போகின்றன என்று தேசியத் திட்டம் தயாரித்துக்கொண்டு வந்து, ஒருவருக்கொருவர் காட்டி, பணம் கொடுக்கும் நாடுகளிடம் பாராட்டு வாங்குவதுதான் மாநாடு. எங்கள் திட்டத்தின் தலைமகன் பூவரசங்கரை. அந்தக் கரையும் அதன் முன்னால் உள்ள கடற்புல் படுகையும் முழுப் பாதுகாப்பு வலயம் ஆகும். வலை இல்லை, வாடி இல்லை, ஆள் இல்லை. இதற்குக் கரையோர மக்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. சம்மதம் கேட்க வந்ததும் அதே சோளகத்தில்தான். கரையில் ஒருவரையும் காணாமல், பட்டினத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் அகப்பட்டவர்களை இருத்திக் கூட்டம் நடத்திவிட்டுப் போனார்கள். அதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன், திரும்பத் திரும்ப அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்.

கடலைக் காப்பது எனக்குக் கசப்பான விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கடற்புல்லில் கடற்பசுவான ஆவுளியா மேய்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். குஞ்சு மீன் தப்பட்டும் என்று மீன் சேருகிற வலை மடியின் கண்ணைப் பெரிதாக்கச் சொல்லி, கரைவலைக்காரரிடம் நான் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. உழவு இயந்திரத்தால் வலை இழுக்காதே என்று செல்வத்தோடேயே சண்டை பிடித்தவள் நான். ஆனால் கடற்புல்லை வேரோடு வாரிக்கொண்டு போகிற இழுவைப் படகுகளைப் பற்றி இந்தத் திட்டத்தில் ஒரு வரி கிடையாது. படகுக்காரனைத் தொட்டால் வில்லங்கம். வாடிக்காரனைத் தொட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

கொழும்பிலிருந்து வந்த எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர். அதுதான் என் கஷ்டம். கெட்டவர் என்றால் ஏசிவிட்டுப் போகலாம். அவரோடு நான் ஆங்கிலத்தில்தான் கதைப்பேன். என் பெட்டி வரவில்லை என்றதும் விமான நிலையத்துக்குத் தானே தொலைபேசி எடுத்தார். பிறகு சொன்னார்: “ஜெசிந்தா, நன்றாக ஓய்வெடுங்கள். கடைசி அமர்வில் நீங்கள் இரண்டு நிமிடம் பேசினால் போதும். கரையோர மக்கள் இதை வரவேற்கிறார்கள் என்று வடக்கிலிருந்து வந்த ஒரு பெண் சொல்வதுதான் நமக்குப் பலம்.”

ஓகோ, இதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்களா என்று அப்போதுதான் விளங்கியது. படத்தில் இல்லாத சனத்துக்குப் பதிலாக மேடையில் நான்.

மறுநாள் அமர்வுகள் முடிந்ததும் ரோசலின் அக்காவைத் தேடிப் போனேன். செல்வத்தின் கூடப் பிறந்த அக்கா. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு புருசன் அமலனோடு இங்கே வந்தவர். அல்பெர்கேரியா என்ற பழைய பேட்டையில் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்து, அதற்குள் இன்னொரு ஒடுங்கிய சந்து. மேலே பார்த்தால் வானத்துக்குப் பதில் காயப்போட்ட படுக்கை விரிப்புகள். சந்தையில் மீன்காரர் போடுகிற சத்தம் மன்னார் மீன்சந்தையைத் தோற்கடிக்கும். வாள்மீனின் தலையை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று ஒருவர் பாட்டு மாதிரி விலை கூவினார். ஒரு மூலையில் கடலை மாவை அவித்து மெல்லிசாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் கடலை வடைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உப்புத்தான் கொஞ்சம் குறைவு.

ரோசலின் அக்காவுக்கு ஒரு வயதான சின்னோராவை, அதாவது வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்கிற வேலை. அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த நகரத்தின் காவல் புனிதையின் பெயர் தனக்கும் வாய்த்திருப்பதில் அவருக்குப் பெரிய பெருமை. சுவரில் புனிதையின் படம், பக்கத்தில் மடு மாதா.

“வாடி பிள்ளை, என்ன கோலமிது? குளிருக்கு இந்தச் சீலையோடயோ திரியிறாய்?” என்று தன் மேலங்கியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். “கருவாடு கொண்டந்தனியோ?”

“பெட்டிக்கை கிடக்கு அக்கா. பெட்டிதான் எங்கை கிடக்கெண்டு தெரியேல்ல.”

அமலன் அண்ணை கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். சுமை தூக்கிற வேலையில் இடுப்பு விட்டுப்போய் அவர் வீட்டோடு இருக்கிறார். “இன்னும் ரெண்டொரு வருசம்தான் ஜெசி. பிறகு இஞ்சை எங்களுக்கு என்ன வேலை? ஊருக்குப் போய் வலையைப் பாக்கிறதுதான். செல்வத்துக்கும் தனிச்சு ஏலாது.”

பூவரசங்கரையில் அவர்களுடைய பாடு இரண்டு பங்கு. ஒன்று செல்வத்துக்கு, மற்றது ரோசலின் அக்காவுக்குச் சீதனமாக வந்தது. இங்கே வரப் பணம் தேவைப்பட்டபோது நகையை விற்றார்கள், காணியை விற்றார்கள், பாட்டை விற்கவில்லை. அது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அமலன் அண்ணை கட்டிலில் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பாஸ்தா சாப்பிட்டேன். சாளை மீனும் பெருஞ்சீரகத் தழையும் திராட்சை வற்றலும் போட்டது. மீனுக்குள் வற்றல் போடுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை, ஆனால் தட்டு காலியாகிவிட்டது. பிறகு சொல்லிவிட்டேன். வலயம், படம், மேடை, இரண்டு நிமிடம், எல்லாம்.

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். பிறகு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்.

“அப்ப நீ வந்தது எங்கட பாட்டை எழுதிக் குடுக்கவோ?”

“இல்லை அக்கா, நான்…”

“என்ன நொள்ளை? எங்கட சனத்துக்காக ஓம் எண்டு சொல்ல நீ ஆர்? செல்வத்தைக் கேட்டனியோ? என்னைக் கேட்டனியோ? கவர்மெண்டில சம்பளம் வாங்கினா ஊர்ச் சனத்தின்ர வாயும் உங்களுக்குச் சொந்தமோ?”

“ரோசி, அவளை ஏன் ஏசுறாய்? அவள் சொல்லேல்லத்தானே இன்னும்” என்றார் அமலன் அண்ணை.

“சொல்லேல்லை எண்டால் சந்தோசம். சொன்னால் இந்தப் படியை மிதிக்கப்படாது.”

எனக்குக் கண் கலங்கியது. கோபத்தில்தான். அக்காவின் மேல் அல்ல. அவர் கேட்டதில் ஒரு சொல்லும் பிழையில்லை. படிகளில் இறங்கும்போது அவருடைய மேலங்கி என் தோளில் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்காத அளவுக்குத்தான் அக்கா கோபமாக இருந்தார்.

அதற்கடுத்த நாள் வெளிக்களப் பயணம். எங்களை ஒரு வேனில் ஏற்றி நகரத்தின் விளிம்பில் இருக்கிற சியாகுல்லித் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். எங்கே பார்த்தாலும் மண்டரின் மரங்கள். மற்ற இடங்களில் பழம் முடிந்தபிறகுதான் இங்கே பழுக்குமாம். தோலைத் தொட்டாலே வாசம் கையில் ஒட்டிக்கொண்டது. தின்னத் தின்ன ஆசை தீரவில்லை. ஊரில் இந்தப் பழத்துக்குப் பெயர் நாரத்தையா தோடையா என்று எனக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது.

எங்களுக்கு விளக்கம் சொன்ன பெண் மரத்தடியில் நின்று பெருமையாகச் சொன்னார்: “இந்த இடத்தைக் காப்பாற்றியது சட்டம் இல்லை. இங்கே கொப்பு வெட்டி, தண்ணீர் கட்டி, தலைமுறையாக வேலை செய்கிறவர்கள்தான். அவர்கள் போனால் இந்தத் தோட்டமும் போய்விடும். ஆகவே எங்கள் திட்டத்தில் முதலில் அவர்களுக்குத்தான் இடம்.”

பணிப்பாளர் தலையைத் தலையை ஆட்டினார். “அருமை, அருமை” என்றார். எனக்கு வாயிலிருந்த சுளை புளித்துவிட்டது. இங்கே மனிதர் இருந்தால் அது பண்பாடு. எங்கள் கரையில் மனிதர் இருந்தால் அது அழுத்தம், ஆக்கிரமிப்பு, அபாயம். இந்தச் சொற்களெல்லாம் எங்கள் திட்டத்தில் இருக்கின்றன.

திரும்பி வரும்போது பிரான்காச்சோ என்ற புறநகரில் வேன் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. சுற்றிவர அடுக்குமாடிகள், கீழே வரிசையாக வாகனத் திருத்துமிடங்கள். சாரதி இறங்கி வேனை ஏசினார். பிறகு வேனின் தாயை ஏசினார். கைகளில் எண்ணெய் பூசிய ஒரு திருத்துனர் வந்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, சாரதியைப் பார்த்தார். “இதை ஓட்டிக்கொண்டா வந்தாய்? நீ விசுவாசமுள்ள கிறிஸ்தவன்தான்” என்று அவர் சொன்னதாக எங்களோடு வந்த பெண் மொழிபெயர்த்தார்.

வேலை முடியும்வரை நானும் பணிப்பாளரும் ஒரு சுவர்க்கட்டில் உட்கார வேண்டியதாயிற்று. இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று தொடங்கினேன்.

“சேர், அந்தப் படம் சோளகத்தில் எடுத்தது. அப்போது சனம் வடகரையில் இருக்கும்.”

“தெரியும், பருவகாலக் குடியிருப்பு. குறிப்பில் சேர்க்கலாம்.”

“குறிப்பில் சேர்க்கிற விஷயமா இது? அந்தக் கரை அவர்களுடையது.”

“நிரந்தரக் கட்டடம் ஒன்றுகூட இல்லையே ஜெசிந்தா. வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்திலும் ஒன்றுமில்லை.”

“கட்டாதபடியால்தானே சேர் அந்தக் கரை இன்னும் கரையாக இருக்கிறது! கொங்கிறீட் போட்டிருந்தால் விட்டிருப்பீர்களா?”

அவருடைய கைபேசி அடித்தது. “ஒரு நிமிடம்” என்று எழுந்து போனார். அந்த ஒரு நிமிடம் வேன் உயிர்க்கும்வரை நீண்டது. சுற்றுலாவுக்கு மட்டும் வலயத்துக்குள் ‘பாதிப்பில்லாத குடில்கள்’ அனுமதிக்கலாம் என்று திட்டத்தில் இருப்பதைப் பற்றியும் கேட்க இருந்தேன். ஓலைக் குடிலில் வெள்ளைக்காரர் படுத்தால் இயற்கை, செல்வம் படுத்தால் குற்றம். இப்படி ஒரு கணக்கை யார் இவர்களுக்குப் படிப்பித்தார்களோ தெரியாது.

அன்று பின்னேரம் என் பெட்டி ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தது. வந்ததை யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வரவேற்பறைக்குள் நுழைந்ததுமே தெரிந்தது. எங்கேயோ வெக்கையில் கிடந்து, பொதி வெடித்து, கட்டாக் கருவாடு தன் வருகையை முழு ஹோட்டலுக்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் நின்ற பெண் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு கையொப்பம் வாங்கினாள். பணிப்பாளர் என்னைத் தெரியாதவர்போல் மாடிக்குப் போனார். இரண்டு நாளாக வராத சிரிப்பு எனக்கு அப்போதுதான் வந்தது.

பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே அல்பெர்கேரியாவுக்கு நடந்தேன். கதவைத் திறந்த ரோசலின் அக்கா முதலில் பெட்டியைத்தான் பார்த்தார். பிறகு என்னை. “உள்ளுக்கு வா” என்றார். கருவாடு எண்ணெய்க்குள் விழுந்ததும் கீழ்மாடிக்காரி யன்னலைத் திறந்து மேலே பார்த்துக் கத்தினாள். அக்கா அதைவிட உரக்கத் திருப்பிக் கத்தினார்.

“என்ன சொல்லுறா?” என்று கேட்டேன்.

“மேல ஆர் செத்தது எண்டு கேக்கிறாள். ஒருத்தரும் சாகேல்ல, சாப்பிட வாறியோ எண்டு கேட்டனான்.”

அவள் வரவில்லை, ஆனால் பிறகு ஏசவுமில்லை. நாங்கள் மூன்று பேரும் சோறும் கருவாட்டுப் பொரியலும் தின்றோம். கை கழுவிய பிறகு சொன்னேன்: “அக்கா, நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். ஆனா நான் மட்டும் இல்லையெண்டு கத்தினா ஒருத்தரும் கேக்கமாட்டினம். கரையில சனம் நிக்கிறதை அவையள் கண்ணால காணவேணும்.”

“இப்ப வாடைதானே, சனம் அங்கைதானே நிக்குது” என்றார் அமலன் அண்ணை. “செல்வத்துக்குச் சொல்லு ரோசி. அந்த ரெண்டு பனையும் தெரியிறமாதிரி எடுக்கச் சொல்லு.”

அக்கா கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துத் தம்பிக்கு அனுப்பிய செய்தியை இங்கே முழுதாக எழுத முடியாது. பணிப்பாளருக்கும் அவருடைய முன்னோருக்கும் அதில் நல்ல பங்கு இருந்தது. முடிவில் மட்டும் குரல் இறங்கியது. “வடிவா எடு தம்பி. கை நடுங்காம எடு.”

கடைசி அமர்வை ஹோட்டலில் வைக்கவில்லை. கடலோரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் வைத்தார்கள். ஒரு காலத்தில் பெரிய வலைக்கூடு கட்டி, மாடு அளவு சூரை மீன்களை மறித்துப் பிடித்த தொழிலின் இருப்பிடம் அது. இப்போது கலியாணமும் மாநாடும் நடக்கிற மண்டபம். படகுகள் ஏறிய இடத்தில் வைன் கிளாஸ்கள் அடுக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். வெறும் மேலோடு, கழுத்து நரம்பு புடைக்க, வரிசையாக நின்று வலை இழுக்கிற ஆண்கள். முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் பூவரசங்கரை.

தேத்தண்ணீர் கேட்டபோது கோப்பி கொண்டுவந்த பரிமாறுபவர், நான் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். உடைந்த ஆங்கிலத்தில் என்னைக் கூப்பிட்டுக் கழிவறைக்குப் போகிற நடையில் ஒரு படத்தைக் காட்டினார்.

“இடப்பக்கம் இரண்டாவது ஆள். என் அப்பா.”

“அப்பாவுக்குப் பிறகு?”

“பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே பிடித்துவிட்டன. இங்கே மீன் வரவில்லை. வலையைச் சுருட்டினார்கள். பிறகு இது.” தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டைத் தூக்கினார். “படத்தை நல்ல இடத்தில் மாட்டச் சொன்னேன். இங்கேதான் ஆணி இருந்ததாம்.”

அந்த இடத்தில் என் கோபம் முற்றிவிட்டது. பெரியவர்கள் கடலைச் சுரண்டுவார்கள், சிறியவர்கள் கரையை விட்டுப் போவார்கள், பிறகு அவர்களுடைய படத்தை எடுத்துக் கழிவறைக்குப் போகிற வழியில் மாட்டுவார்கள். அந்த மண்டபத்தில் கடலைக் காப்பது எப்படி என்று கூட்டம் போடுவார்கள்.

பணிப்பாளர் எங்கள் திட்டத்தை நன்றாகத்தான் விளக்கினார். திரையில் ஆளில்லாத கரை வந்தபோது சபையில் ஒரு பெருமூச்சு. பிறகு என்னைக் கூப்பிட்டார். மேடைக்குப் போகுமுன் ஒலியமைப்புக்காரரிடம் என் கைபேசியைக் கொடுத்திருந்தேன்.

“கரையோர மக்கள் இதை வரவேற்கிறார்கள் என்று சொல்வதற்காக என்னைக் கூட்டிவந்தார்கள்,” என்றேன். “அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கப் போன மாதம் அவர்கள் வேறு கரையில் இருந்தார்கள். ஒவ்வொரு வருசமும் அந்த மாதத்தில் அப்படித்தான். இது இன்று காலை எடுத்தது.”

திரையில் அதே இரண்டு பனை. ஓலைகள் இப்போது மறுபக்கம் சரிந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வாடிகள், அடுப்புப் புகை, கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள். கயிறு நிறையச் சனம், கிழவர் பெண்கள் எல்லோரும், பின்வாங்கிப் பின்வாங்கி இழுத்தார்கள். மடி கரையேறியதும் காகங்கள் இறங்கின. நாய் ஒன்று குறுக்கே ஓடியது. செல்வத்தின் முகம் திரை முழுக்க வந்து, “ஜெசி மிஸ், தெரியுதோ? அக்கா, தெரியுதோ?” என்று கத்தியது.

சபை கைதட்டியது. அதுவும் எனக்கு எரிச்சல். கூத்துப் பார்த்தவர்கள்போல் தட்டினார்கள். ஆனால் தலைமை தாங்கிய அம்மா தட்டவில்லை. அவர் வேறொரு தீவுக்காரி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பணிப்பாளரிடம் கேட்டார்: “உங்கள் படம் எப்போது எடுத்தது?”

“ஜூனில்.”

“சம்மதம் கேட்டது?”

“அதே பயணத்தில்.”

“அப்படியானால் ‘மக்கள் சம்மதித்தார்கள்’ என்ற வசனம் இன்றே நீக்கப்பட வேண்டும். மீண்டும் போய்க் கேளுங்கள். மதிப்பீட்டுக் குழுவும் வந்து கரையைக் கண்ணால் பார்க்கட்டும்.”

அன்று நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ரோசலின் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது மறுபக்கத்தில் சின்னோராவின் வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அமலன் அண்ணைக்குச் சொல்லவேண்டும் என்று அழுதபடி வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பிரியாவிடை விருந்து. பணிப்பாளர் என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை, வாள்மீனை வெட்டிக்கொண்டு சிரித்த முகமாக வந்து பக்கத்தில் இருந்தார்.

“இப்போது சந்தோஷமா? திகதியும் தீர்மானித்தாயிற்று. மதிப்பீட்டுக் குழுவை நானே பூவரசங்கரைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.”

“எப்போது சேர்?”

“ஜூனில்.”

கையிலிருந்த முள்ளுக்கரண்டி தட்டில் விழுந்தது. பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன.

“யோசித்துத்தான் முடிவெடுத்தேன்,” என்றார் அவர், சமாதானமாக. “ஜூனில் கடல் கொந்தளிக்கும். ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். எல்லோரும் கரையில் ஓய்வாக இருப்பார்கள். ஆறுதலாகப் பேசலாம்.”

“எந்தக் கரையில் சேர்? நான் நேற்று மேடையில் எதைச் சொன்னேன்? அவர்கள் வடகரையில் தொழில் செய்துகொண்டிருப்பார்கள்!”

“அது பக்கத்தில்தானே. கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், வருவார்கள்.”

“வருவார்கள். கூட்டம் முடிந்து போவார்கள். குழு சுற்றிப் பார்க்கும்போது ஒரு வாடி இருக்காது, ஒரு கம்பு இருக்காது. உங்கள் படம் சரிதான் என்று எழுதிவிட்டுப் போவார்கள். இப்போதே வரட்டும். பங்குனியில் வரட்டும்.”

“முடியாது ஜெசிந்தா. நிதியாண்டு, விசா, குழுவின் நேரம், எல்லாம் ஜூனில்தான் பொருந்துகிறது. ஜூலையில் திட்டம் கையளிக்க வேண்டும்.” என் தோளைத் தட்டினார். “மீன் ஆறுகிறது, சாப்பிடுங்கள்.”

நான் சாப்பிடவில்லை. இந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை, அதுதான் பொறுக்க முடியாமலிருந்தது. உண்மையாகவே நன்மை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காத ஒருவர் கையில் ஒரு தீவின் கடலும் காடும் முழுவதும் இருக்கின்றன.

விமான நிலையப் பஸ்ஸடிக்கு ரோசலின் அக்கா வேலையின் இடையில் ஓடிவந்தார், கையில் ஒரு பை மண்டரின். நான் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தேன். கூடவே செய்தியையும். முகத்தில் இருந்த சந்தோசம் வடிவதை நின்று பார்த்தேன்.

“ஆனியிலயோ?” என்றார். “ஆனிச் சோளகத்திலயோ?” பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை. பஸ் வந்து நின்றது. சாரதி என் பெட்டியைத் தூக்கப் போய், மணத்துக்கு முகத்தைத் திருப்பினார்.

“செல்வத்திட்டச் சொல்லு. இந்தமுறை எங்கட வாடியைப் பிடுங்க வேண்டாம்.”

“அக்கா, சோளகத்தில அங்கை ஆர் இருக்கிறது? செல்வம் வடகடலுக்குப் போகாட்டி அவையின்ர வயிறு?”

“செல்வம் போகட்டும். நான் வந்து இருக்கிறன்.”

“உங்கட சின்னோரா ஓகஸ்டிலதானே லீவு தருவா?”

“அவவிட்ட ஆர் கேக்கப்போறது? சொல்லப்போறன்.” மேலங்கியை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “மண்ணைத் திண்டெண்டாலும் குழு வந்துபோற மட்டும் அந்தப் பனையடியில இருப்பன். அமலனையும் கூட்டிக்கொண்டு வாறன். அவருக்கு இஞ்சை படுத்தாலென்ன, அங்கை படுத்தாலென்ன.”

நான் ஏறியதும் கதவு மூடத் தொடங்கியது. வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அக்கா கத்தினார்.

“உங்கட பெரியவரைத் தேத்தண்ணிக்கு வரச்சொல்லு! கரையில ஆள் இருக்கெண்டு சொல்லு!”